டென்ஸைத் திரும்பப் படிக்க எது நல்லது: 12 கட்ட அட்டவணையா, ஜோடி முறையா?

பாளையங்கோட்டையில் மாலை வகுப்பு எடுக்கிறவர்களிடம் வருஷா வருஷம் வந்து நிற்கிற கேள்வி இது. பள்ளிக்கூடத்தில் டென்ஸ் படித்தாயிற்று, காலேஜிலும் படித்தாயிற்று, ஆனால் இன்டர்வியூவில் வாயைத் திறந்தால் எந்த வினை வடிவம் வரும் என்று சொல்ல முடியவில்லை, மறுபடி முதலில் இருந்து பார்க்கணும், எந்த வழியில் போவது? நம்ம ஊரில் புழக்கத்தில் இருப்பது நாலு வழி: அட்டவணை, ஜோடி ஜோடியாக ஒப்பிடுவது, வாக்கியங்களை மனப்பாடம் செய்வது, மொபைல் ஆப். எனக்கு இதில் தெளிவான கட்சி உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிற ஒருவருக்கு ஜோடி முறைதான் நிற்கும், மற்றதெல்லாம் அதற்குத் துணை.

அட்டவணையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மேலே பாஸ்ட், பிரசன்ட், ஃப்யூச்சர், பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியூயஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ், ஆக 12 கட்டம். வடிவம் மறந்துபோனவருக்கு இதைவிடச் சுருக்கமான மருந்து கிடையாது. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விக்கு 60 நிமிஷம், அதில் 25 கேள்வி ஆங்கிலம். அங்கே பிழை கண்டுபிடி என்று கேட்டால் 'ஹேஸ்' பக்கத்தில் 'வென்ட்' உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டாலே மார்க். ஆக்டிவ், பாஸிவ் மாற்றும்போதும் 12 கட்டத்தில் 8-க்குத்தான் பாஸிவ் சொல்லித்தருகிறோம் என்பது அட்டவணையைப் பார்த்ததும் பிடிபடும்.

ஆனால் அட்டவணையில் எல்லாக் கட்டமும் ஒரே அளவு, அங்கேதான் கோளாறு. ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் பேச்சில் எத்தனை தடவை வரும்? அரிது. பிரசன்ட் பெர்ஃபெக்ட்டோ பேச்சுக்குப் பேச்சு வரும், எல்லாரும் தடுக்கி விழுவதும் அங்கேதான். இரண்டுக்கும் ஒரே நேரம் செலவழித்து, 12-ஐயும் ஒப்பித்து முடித்த பிள்ளை 'ஹேஸ் கம்' எப்படிக் கட்டுவது என்று சொல்லும், எப்போது சொல்வது என்று கேட்டால் முழிக்கும். இன்னொன்று, ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தை மாற்றிக்கொள்வது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டும்தான். எதிர்காலத்துக்குத் தனி உருவம் கிடையாது, 'வில்' மாதிரி ஒரு துணைவினையோ 'கோயிங் டு'வோ, சில சமயம் நிகழ்காலமேகூட அந்த வேலையைப் பார்க்கும். 'தி ட்ரெய்ன் லீவ்ஸ் டுநைட்' என்பது நிகழ்கால உருவம், ஆனால் வண்டி இனிமேல்தான் கிளம்பும். அட்டவணை இதைக் காட்டாது.

சரி, ஜோடி முறை என்றால் என்ன? குழம்புகிற இரண்டு வடிவங்களை மட்டும் எடுத்து, ஒரு தமிழ் வாக்கியத்துக்கு எதிரே நிறுத்தி, எது ஏன் என்று பார்ப்பது. நோட்டுப் பக்கத்தில் மூன்று பத்தி போடுங்கள்: இடது பக்கம் நாம் வீட்டில் பேசுகிற வாக்கியம், நடுவில் இரண்டு ஆங்கில வாக்கியம், வலது பக்கம் காரணம் ஒரே வரியில்.

முதல் ஜோடி: "அண்ணாச்சி காலையில ஆறு மணிக்கே கடையைத் திறப்பாரு." தமிழில் 'திறப்பார்' எதிர்கால உருவம், ஆனால் சொல்வது தினசரி வழக்கத்தை. அதனால்தான் நம் பிள்ளைகள் 'ஹி வில் ஓப்பன் தி ஷாப் அட் சிக்ஸ் எவ்ரி டே' என்கிறார்கள். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு இயல்பாக வருவது சிம்பிள் பிரசன்ட், 'ஹி ஓப்பன்ஸ்'. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டவர் பேச்சில் தேவையில்லாத 'வில்' பாதிக்குப் பாதி குறைந்துவிடும்.

அடுத்தது, "மாமா நேத்தே வந்திருக்காரு." நாம் தாராளமாகச் சொல்வோம், தமிழில் தப்பே இல்லை. அதே அச்சில் 'அங்கிள் ஹேஸ் கம் எஸ்டர்டே' என்றால் தப்பு. நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் சிம்பிள் பாஸ்ட்தான், 'அங்கிள் கேம் எஸ்டர்டே'. காலத்தைச் சொல்லாமல், இப்போது வீட்டில் இருக்கிறார் என்பது முக்கியமானால் 'ஹேஸ் கம்'. 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' வருகிற இடத்தில் அமெரிக்கர்கள் சிம்பிள் பாஸ்ட்டையும் சொல்வார்கள், படத்தில் கேட்டுக் குழம்ப வேண்டாம். பரீட்சைக்கு பிரிட்டிஷ் வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

'இல்லை' வருகிற இடம் இன்னும் சிக்கல். வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது:

"சார், 'அவன் போகல'ன்னா டிட் நாட்டா, ஹேஸ் நாட்டா?"

"எப்ப போகலன்னு நீயே சொல்லும்மா. நேத்தா, இதுவரைக்குமா, இல்ல இனிமே போகப்போறதில்லையா?"

நேற்று என்றால் 'டிட் நாட் கோ', இதுவரைக்கும் என்றால் 'ஹேஸ் நாட் கான்', போகப்போவதில்லை என்றால் 'இஸ் நாட் கோயிங்'. நம் 'போகல' மூன்றையும் ஒன்றாகச் சுமக்கிறது, காலத்தைக் காட்டுகிற உருபு அதில் இல்லை. இதை எந்த அட்டவணையும் சொல்லித்தராது, ஏனென்றால் அட்டவணைக்கு நம் தமிழ் தெரியாது.

"இங்க ரெண்டு வருஷமா வேலை பார்க்கேன்" என்பதும் அப்படித்தான். 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்' இல்லை, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் டூ இயர்ஸ்'. தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்', நீளத்துக்கு 'ஃபார்'. அப்புறம் கடைசி ஜோடி: "நான் ஜங்ஷன் போறதுக்குள்ள நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பிட்டு." 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் லெஃப்ட்' என்றால் நான் போய் நின்றதும் கிளம்பியது. 'ஹேட் லெஃப்ட்' என்றால் நான் போகும்போது பிளாட்பாரத்தில் வண்டியே இல்லை. ஒரு 'ஹேட்' எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது பாருங்கள்.

வாக்கிய மனப்பாடம், அதாவது 30 நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகை, வாய்க்கூச்சத்தைப் போக்கும். அதை மறுக்கவில்லை, தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் மாசம் அந்தத் தைரியம் தேவைதான். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதுகிற நர்ஸ் பிள்ளைகள் இதை மட்டும் நம்பிப் போகக்கூடாது. ஸ்பீக்கிங் தேர்வு 11 முதல் 14 நிமிஷம். நடுவில் ஒரு கார்டைக் கொடுத்து ஒரு நிமிஷம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிஷம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். மனப்பாட வரிகள் முதல் முப்பது நொடியிலேயே தீர்ந்துபோகும். இலக்கணத்துக்கு மட்டும் நாலில் ஒரு பங்கு மதிப்பெண், அதிலும் பலவித வடிவங்களைச் சரியாகக் கையாள்கிறோமா என்று பார்ப்பார்கள். இதற்கு நான் கொடுக்கிற பயிற்சி 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். அந்த இரண்டு நாள் கதை இல்லாத வீடு தாமிரபரணிக் கரையில் ஏது? மழை பெய்துகொண்டிருந்தது, கரண்ட் போனது, நாங்கள் இறங்கிப் பார்ப்பதற்குள் தெருவில் தண்ணீர் ஏறியிருந்தது. பாஸ்ட் கன்டினியூயஸ், சிம்பிள் பாஸ்ட், பாஸ்ட் பெர்ஃபெக்ட் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும், சொந்தக் கதை என்பதால் நாக்கும் தடுமாறாது.

மொபைல் ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது தட்டலாம், 'ஹி', 'ஷி'க்குப் பின்னால் வருகிற 'எஸ்' கைப்பழக்கம் ஆகும். பெரும்பாலும் தப்பு என்று சொல்லும், ஏன் தப்பு என்று நம் மொழியில் சொல்லாது.

ஆகவே எஸ்.எஸ்.சி., பேங்க் பரீட்சைக்காரர்கள் ஒரு வாரம் அட்டவணையைப் பார்த்து வடிவத்தைச் சரிசெய்துகொண்டு, மிச்ச நாளை ஜோடிக்குக் கொடுங்கள். நர்ஸ் பிள்ளைகளும் இன்டர்வியூ போகிறவர்களும் நேராக ஜோடியில் இறங்கலாம், தினம் ஒரு ஜோடி போதும், 'திறப்பார்' முதலில், 'ஹேட்' கடைசியில். நோட்டில் இடது பத்திக்கு வாக்கியம் வேண்டுமென்றால் புத்தகத்தில் தேடாதீர்கள், அன்றைக்கு வீட்டில் அம்மா பேசியதை அப்படியே எழுதுங்கள்.