பாலியா, நியூ மெக்சிகோவா, நியூயார்க்கா? டி.வி.யில் வாங்கும் வெள்ளி நகைகளில் எது நின்று உழைக்கிறது

டி.வி. பார்த்து நான் முதன்முதலாக வாங்கியது ஒரு வெள்ளிக் காப்பு. அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பெட்டியைப் பிரித்ததுமே, "வெள்ளியைக் காலுக்குத்தானே போடுவோம், கையில எதுக்குடி?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. கொலுசும் மெட்டியும் வெள்ளி, இடுப்புக்கு மேலே எல்லாம் தங்கம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் காப்பு நியூ ஜெர்சி வீட்டுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இன்று என் இழுப்பறையில் அறுபதுக்கும் மேல் வெள்ளி நகைகள். பாதி டி.வி.யில் வாங்கியவை. மீதி, வேறு யாரோ டி.வி.யில் வாங்கி, பிறகு ஈபேயில் விற்றவை. இப்போது வாங்க நினைக்கும் தோழிகள் எது நல்லது என்று கேட்கிறார்கள். என் கையிலும் கழுத்திலும் கிடந்து தேறியதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. டி.வி.யிலேயே பொருள் விற்கும் ஷாப்பிங் சேனல்களில் எது நல்லது என்று ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. ஃப்ளோரிடாவின் எச்.எஸ்.என். 1985-லும், பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் க்யூ.வி.சி. 1986-லும் நாடு முழுக்க விற்க ஆரம்பித்தன. வெகுகாலம் போட்டியாளர்களாக இருந்தவை, 2017-லிருந்து ஒரே முதலாளியின் கீழ் இருக்கின்றன. டென்னசியில் ஜே.டி.வி., டெக்சாஸில் ஷாப் எல்.சி. இருக்கின்றன. ஷாப் எல்.சி.யின் தாய் நிறுவனம் நம் ஜெய்ப்பூரின் வைபவ் குளோபல்தான். ஒரே மாதிரி வெள்ளியை எல்லோருமே விற்பார்கள். வித்தியாசம் செய்பவரிடமும் செய்யும் ஊரிடமும் இருக்கிறது. அதனால் சேனலை விட்டுவிட்டு மூன்று மரபுகளை எடுத்துக்கொள்கிறேன்: இந்தோனேசியாவின் பாலி, நியூ மெக்சிகோவும் அரிசோனாவும் இருக்கும் அமெரிக்கத் தென்மேற்கு, நியூயார்க் டிசைனர் பாணி.

விலையை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் நகைக்கடை பில்லில் எடை, செய்கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். டி.வி.யில் ஒரே தொகை. பிரித்துப் பார்ப்பது நம் வேலை. ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 40 கிராம் காப்பில் சுத்த வெள்ளி 37 கிராம். வெள்ளி விலையைச் சொல்லும் அளவான டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால் காப்பில் இருக்கும் வெள்ளி சுமார் 36 டாலர்தான். 180 டாலர் கொடுத்தால் மீதி 144-ம் வேலைக்கும் பெயருக்கும் சேனலுக்கும் போகிறது. இது ஏமாற்று இல்லை. ஆனால் அந்த 144-இல் வேலைக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்பதில்தான் மூன்று மரபுகளும் பிரிகின்றன.

பாலியில் வேலைக்குப் போவது அதிகம் என்பது என் கணிப்பு. உபுத்துக்குப் போகும் வழியில் இருக்கும் செலுக் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக வெள்ளி வேலைதான். அவர்களின் அடையாளம் 'ஜாவான்' என்னும் பொடி மணி வேலை. கடுகைவிடச் சிறிய வெள்ளி உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பற்றவைப்பார்கள். வெப்பம் படும்வரை மணி நகராமல் இருக்க, பிலிங்-பிலிங் என்று அவர்கள் சொல்லும் ஒரு விதையை அரைத்த பசையால் ஒட்டுவது பழைய முறை. அது வேறொன்றும் இல்லை, நம் குன்றிமணிதான். நம் பொற்கொல்லர்கள் தராசில் எடைக்கு வைத்த அதே விதை அங்கே மணியைப் பிடித்து நிறுத்துகிறது என்று தெரிந்த நாளில் என் பாலிக் காப்பை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேசாக் நியோமன் சுவார்த்தி என்ற பாலிப் பெண்மணியின் நகைகள் க்யூ.வி.சி. வழியாக அமெரிக்க வீடுகளுக்குள் வந்தன. 1975-இல் பாலிக்குப் போன கனடாக்காரர் ஜான் ஹார்டியின் பெயரில் வந்த 'ஜை' என்ற வரிசையும் க்யூ.வி.சி.யில் விற்பனையானது. இருவர் வேலையும் என்னிடம் இருக்கிறது. சுவார்த்தியின் பூவேலை மென்மையானது, ஹார்டியின் சங்கிலி கனமானது. 'துலாங் நாகா' என்ற சங்கிலியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாகத்தின் எலும்பு என்று பொருள். முதுகெலும்பைப் போலவே வளைந்து கொடுக்கும், பிசிறில்லாமல் கழுத்தில் படியும். பட்டுப்புடவைக்குக்கூடப் பொருந்துகிறது.

பாலி வேலையின் குறை அடிப்பக்கத்தில் இருக்கும். முன்பக்கம் அத்தனை மணி, பின்பக்கம் மெல்லிய தகடு. உள்ளே வெற்றாக இருந்தால் ஒருமுறை கதவில் இடித்தாலே பள்ளம் விழும். ஒரு சேனலில் வாங்கிய அகலமான காப்பு எனக்கு அப்படித்தான் போயிற்று. திரையில் பார்த்தபோது கனமாகத் தெரிந்தது, கையில் எடுத்தால் பிளாஸ்டிக் போல இருந்தது. அன்றிலிருந்து கிராம் கணக்கு எழுதாத எதையும் நான் ஆர்டர் செய்வதில்லை. கேமரா அருகே போனால் மோதிரம்கூடக் கிண்ணம் அளவு தெரியும். கிராம் பொய் சொல்லாது.

தென்மேற்கு வெள்ளி வேறு குணம். அங்கே வாழும் அமெரிக்கப் பழங்குடியினரில் நவஹோ மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மெக்சிகோ கொல்லர்களிடமிருந்து வெள்ளி வேலையைக் கற்றார்கள். முதல் நவஹோ கொல்லராகப் பெரும்பாலும் சொல்லப்படுபவர் அட்சிடி சானி. நவஹோ வேலை என்றால் தடித்த தகட்டில் அச்சு வைத்து அடித்த கோலங்கள். சூனி மக்கள் கல்லை வெட்டிப் பதிப்பதில் கைதேர்ந்தவர்கள். ஹோப்பிகள் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைப்பார்கள். மேல்தகட்டில் வெட்டிய உருவம், கீழ்த்தகட்டின் கறுப்பில் எழுந்து நிற்கும்.

டி.வி.யில் இந்தப் பாணியைப் பெரிதாகக் கொண்டுவந்தது நியூ மெக்சிகோவின் ஆல்புகர்கியில் இருந்த கரோலின் பொலாக் வரிசை. எச்.எஸ்.என்.னில் ஜே கிங் டர்க்காய்ஸ் என்னும் நீலக் கற்களோடு வந்தார். இங்கே வாங்குபவர் ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்க வேண்டும். 'தென்மேற்குப் பாணி' வேறு, 'பழங்குடியினர் செய்தது' வேறு. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்பது 1990-இன் சட்டப்படி அமெரிக்காவில் குற்றம். அதனால் விவரத்தில் எந்த இனம், எந்தக் கைவினைஞர் என்று எழுதியிருந்தால்தான் அது அவர்கள் வேலை. பாணி என்று மட்டும் இருந்தால் அது அழகான தொழிற்சாலை நகை. அதற்கு அந்த விலையே கொடுங்கள், கைவினைஞர் விலை கொடுக்காதீர்கள். அந்தக் கொல்லர்களின் பிழைப்பு இதில் இருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

கல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் டர்க்காய்ஸ் எடுப்பது 2012-இல் நின்றுவிட்டது. அந்தத் தெளிந்த வானநீலம் அதற்குப் பிறகு விலையேறியது. சந்தையில் பெரும்பாலான டர்க்காய்ஸ் பிசின் ஏற்றி உறுதிப்படுத்தியது. அது குறை இல்லை, தினமும் அணிய அதுதான் நல்லது. பிசின் ஏற்றாத கல் எண்ணெயை உறிஞ்சும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்க் கையோடு இரண்டு வருடம் போட்டால் நீலம் பச்சையாகும். எனக்கு ஒரு மோதிரம் அப்படி மாறியது. இன்னொன்று, பொடியான கல்லைப் பிசினில் குழைத்துக் கட்டியாக்கியதும் விற்பனைக்கு வரும். விவரத்தில் 'ரீகன்ஸ்டிட்யூட்டட்' என்ற சொல் இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

நியூயார்க் பாணிக்கு நான் ஒரே ஒரு பெயர் சொல்கிறேன்: ஜூடித் ரிப்கா. தங்கத்தில் பெயர் எடுத்தவர், க்யூ.வி.சி.யில் வெள்ளியோடு டயமோனிக் என்ற செயற்கைக் கல்லை வைத்துத் தன் வடிவங்களை எட்டும் விலைக்குத் தந்தார். 2014-இல் அந்தப் பெயரே வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது. அதற்கு முந்தைய பீஸ்களைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வரவேற்புக்கு, ஆபீஸ் விருந்துக்கு இதைப் போல எடுப்பானது இல்லை. கொக்கிகள் நேர்த்தியானவை, மாற்றி மாற்றிக் கோக்கலாம். ஆனால் இந்தப் பாணியில் விலையின் பெரும்பங்கு பெயருக்குப் போகிறது. அதோடு பளபளப்புக்காக ரோடியம் முலாமோ தங்க முலாமோ பூசிய நகைகள் இந்தப் பாணியில் நிறைய வரும். விளிம்பில் தேய்ந்தால் தெரிந்துவிடும், திரும்ப முலாம் போடச் செலவு உண்டு.

வருடக்கணக்கில் அணியும்போது உண்மையான வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. பாலி வெள்ளியிலும் தென்மேற்கு வெள்ளியிலும் பள்ளங்களில் கறுப்பை வேண்டுமென்றே ஏற்றியிருப்பார்கள். மேடுகள் தோலில் உரசி உரசிப் பளபளக்கும், பள்ளம் கறுப்பாகவே இருக்கும், கோலம் இன்னும் எடுப்பாகும். அணிய அணிய அழகு கூடும். முலாம் நகை வாங்கிய அன்றுதான் உச்சத்தில் இருக்கிறது.

அதனால் சுத்தம் செய்வதும் வேறு வேறு. வெள்ளி விளக்கைத் துலக்குவது போலப் புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்காதீர்கள். புளியின் அமிலம் டர்க்காய்ஸைக் கெடுக்கும், விபூதித் துகள் முலாமைச் சுரண்டும். அலுமினியத் தாளும் சோடாவும் கலந்த வெந்நீர் கொலுசுக்கு அருமை, ஆனால் கறுப்பேற்றிய பாலிக் காப்பை அதில் போட்டால் கோலமே வெளுத்துப்போகும். கடையில் விற்கும் முக்கியெடுக்கும் திரவமும் அப்படித்தான். மூன்றுக்கும் பொதுவாக ஒரு மென்மையான துணி போதும். காற்றுப் புகாத சின்னப் பையில் தனித்தனியாக வையுங்கள். வெள்ளியைக் கறுக்கவைப்பது காற்றில் இருக்கும் கந்தகம். நீச்சல் குளத்துக்குப் போகும்போது எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

தினமும் போட ஒன்றே ஒன்று என்றால் நான் 35 கிராமுக்குக் குறையாத பாலிக் காப்பையோ துலாங் நாகாவையோ சொல்வேன். சேர்த்துவைக்க, பிள்ளைக்குக் கொடுக்க என்றால் கைவினைஞர் பெயர் பொறித்த தென்மேற்கு நகை. விலை கூடும்தான், ஆனால் வருடத்துக்கு ஒன்று போதும். ரிப்கா பாணியைப் புதிதாக வாங்காமல் பழையதாகத் தேடுங்கள். வந்ததும் சமையலறைத் தராசில் எடை பாருங்கள், கொக்கியைப் பத்து முறை திறந்து மூடுங்கள், 925 முத்திரையோடு செய்தவர் முத்திரையும் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை வந்த பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

அம்மா போன மாதம் வீடியோவில் அழைத்தபோது, "அந்த நாகச் சங்கிலி மாதிரி எனக்கும் ஒண்ணு பாரு, ரொம்பக் கனமா வேண்டாம்" என்றாள். பதினெட்டு அங்குலத்தில், 28 கிராமில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.