கேமரன் மலையில் அறை எடுப்பவர்கள் கவனத்திற்கு: சிவப்பு ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) சுற்றுலா வரி கிடையாது

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகிறவர்கள், குறிப்பாக வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். தானா ராத்தாவில் நாங்கள் தங்கிய விடுதியின் பெயரை இப்போது போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும். பிரிஞ்சாங்கில் கடை வைத்திருக்கும் உறவுக்காரரிடம் நடந்ததைச் சொன்னால், "லீவுன்னா இங்க அப்படித்தான்லா" என்று சிரிக்கிறார்.

மேல்மாடியில், மலையைப் பார்த்தபடி மூன்று அறைகளுக்கு முன்பதிவு செய்து, முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. 8 விழுக்காடு சேவை வரியும் அதிலேயே அடக்கம். பெரியம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்று எழுதியும் கேட்டிருந்தோம், சரி என்று பதில் வந்தது. தாப்பா வழியாக ஏறினோம். வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி, ரிங்லெட் தாண்டியதும் நெரிசல். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. முகப்பில் பெட்டிகளோடு ஏகப்பட்ட கூட்டம்.

கவுண்டரில் இருந்த தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "அண்ணே, மேல ரெண்டுதான் இருக்கு. மூணாவது கீழ தரேன். ஒரே விலைதான்."

கீழே என்றால் கார் நிறுத்தும் இடத்துக்கும் கீழே. சரிவில் கட்டிய கட்டடம். அறையில் ஜன்னல் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. திரையை விலக்கினால் கைக்கெட்டும் தூரத்தில் பாசி பிடித்த சிமெண்டுச் சுவர், அதில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. மலையில் பல விடுதிகளில் ஏர்கோன் இருக்காது, ஜன்னலைத் திறந்தால் போதும். இந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சலவை அறையின் ஈரவாடைதான் உள்ளே வருகிறது. தலையணை சில்லென்று நமுத்துப்போய்க் கிடந்தது. குளியலறை ஹீட்டரில் சிவப்பு விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்தது, தண்ணீர் பனிக்கட்டி. மேல் அறைகளில் ஒன்றைப் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் விட்டுவிட்டு, நானும் மச்சானும் கீழே படுத்தோம். விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்டால், "மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாளும் மேனேஜர் லீவுதான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மேல் அறைகள் உண்மையிலேயே அருமை. விடிந்ததும் மேகம் வாசல்வரை வந்துவிடுகிறது. காலையில் தரும் நாசி லெமாக்கின் சம்பலைப் பிள்ளைகள்கூட மிச்சம் வைக்கவில்லை. பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்கும் தூரம் இல்லை, நெரிசலில் மாட்டாமல் இருந்தால். அறை சுத்தம் செய்ய வந்த அக்கா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். யாரும் சொல்லாமலே இரண்டு போர்வை கொண்டுவந்து கொடுத்தார். ஹீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சமையலறையிலிருந்து வாளியில் வெந்நீரும் தூக்கி வந்தார். வேலை செய்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. இருக்கும் அறைக்கு மேல் விற்றுவிட்டு, திட்டு வாங்க அந்தத் தம்பியை முன்னால் உட்கார வைத்த நிர்வாகத்தின்மேல்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்போம். புறப்படும் காலையில் பில் வந்தது. அதில் சுற்றுலா வரி என்று 60 வெள்ளி (ரிங்கிட்). நாங்கள் எல்லாரும் இந்த நாட்டுக்காரர்கள், நமக்கு ஏது இந்த வரி என்று கேட்டேன். தம்பி பெரியம்மாவின் ஐசியை எடுத்துக் காட்டினார். சிவப்பு ஐசி. "இது ஃபாரினர்தானே அண்ணே?"

பெரியம்மா பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். முதுகு கூனும்வரை பால்மரம் வெட்டியவர். நீல ஐசிக்கு, அதாவது குடியுரிமைக்கு, எழுதிப்போட்டு எழுதிப்போட்டே வயதாகிவிட்டது. நம் தோட்டப்புறக் குடும்பங்களில் இப்படி ஒருவராவது இருப்பார்கள். அத்தனை பேர் நடுவில் அவரை ஃபாரினர் என்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை, சுருக்குப்பையைத் திறந்து காசை எண்ண ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் கொதித்தது.

விஷயம் இதுதான். 2017 செப்டம்பரில் வந்த இந்தச் சுற்றுலா வரி, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளுக்கு மட்டும். குடிமக்களுக்கு விலக்கு உண்டு, நிரந்தரவாசிகளுக்கும் உண்டு. சிவப்பு ஐசி என்பது நிரந்தரவாசி அட்டைதான். அப்படியே ஒருவர் கட்ட வேண்டியவராக இருந்தாலும், அவர் தங்காத மற்ற அறைகளுக்கு எந்தக் கணக்கில் வாங்குவார்கள்? சுங்கத் துறையின் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து நீட்டினேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "சிஸ்டம் தப்பு" என்று அந்த வரியைக் கோடு போட்டு அடித்துக் கொடுத்தார்கள். பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லை.

அடுத்தது முன்பணம். சாவி கொடுக்கும்போது அறைக்கு 100 வெள்ளி ரொக்கமாக வாங்கியிருந்தார்கள். அதில் 50 வெள்ளி பிடித்தம், துண்டில் மஞ்சள் கறையாம். பெரியம்மாவின் கோடாலித் தைலம் என்கிறார்கள். தைலம் பட்டால் அப்படிக் கறையாகுமா என்று தைலம் தேய்க்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்தத் துண்டைக் காட்டுங்கள் என்றால், சலவைக்குப் போய்விட்டதாம். அந்த 50 இன்னும் வரவில்லை.

பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிட்டோம், அறை விலை வித்தியாசத்தையும் சேர்த்து. கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளிவரை கோரலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. முன்பதிவுக் கடிதம், அந்தச் சுவரைக் காட்டும் படம், வரியை அடித்த பில், முன்பணத்துக்குக் கையால் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு எல்லாம் கைவசம் இருக்கின்றன. அந்தச் சீட்டைக்கூட மச்சான் வற்புறுத்திக் கேட்டதால்தான் கொடுத்தார்கள். நீங்களும் ரொக்கம் கொடுத்தால் கேட்டு வாங்குங்கள், உள்ளே போனதும் துண்டு, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். சிவப்பு ஐசி உள்ளவர்கள் நகல் எடுத்துப் போகாமல் அசல் அட்டையையே கொண்டுபோங்கள். கவுண்டரில் தகராறு செய்தால், சுங்கத் துறையின் பக்கத்தில் 'சுக்காய் பெலாஞ்சோங்கான்' (மலாயில் சுற்றுலா வரி) என்று தேடினால் விலக்குப் பட்டியல் வரும். அதை அப்படியே காட்டுங்கள்.