16 மண்டபமும் ஒரு பலூனும்

மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். அப்பாவின் நடைக்கு அளவுகோல் அவைதான், கிலோமீட்டர் கணக்கெல்லாம் அவருக்குச் சரிப்படாது. போனில் கேட்டால் "இன்னிக்கு ரெண்டு சுத்து" என்பார். இந்த மார்கழியில் கும்பகோணம் போய் இறங்கிய மறுநாள் விடியற்காலை நானும் கூடப் போனேன். ஐந்தாவது மண்டபத்தில் நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். ஒன்பதாவதில் பால்காரரை நிறுத்தி அவர் மாட்டை நலம் விசாரித்தார். பன்னிரண்டாவதில் செருப்புக்குள் கல் என்றார். உதறிப் பார்த்தேன், கல் இல்லை.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"ஆடுசதை கொஞ்சம் பிடிக்குதுடா. நின்னா விட்டுடும். வயசாச்சுல்ல."

நான் இருப்பது ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில். அந்த ஊர்ப் பேச்சில் இதற்கு 'ஜன்னல் வேடிக்கை பார்க்கும் நோய்' என்று பெயர். காலுக்குப் போகும் தமனி சுருங்கிப்போனவருக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் சதை ரத்தம் போதாமல் இழுத்துக்கொள்ளும். வலியைக் காட்டிக்கொள்ளாமல் கடைக்கு முன்னால் நின்று ஜன்னலைப் பார்ப்பதுபோல நிற்பார். இரண்டு நிமிஷத்தில் வலி விட்டுவிடும், நடப்பார், மறுபடி நிற்பார். அப்பாவுக்கு ஜன்னலுக்குப் பதில் பால்காரர். 71 வயது, சர்க்கரை வந்து 20 வருஷத்துக்கு மேல், வெற்றிலையோடு புகையிலை. பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்து, கட்டைவிரல் கறுத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அது வீட்டில் யாரும் பேசாத விஷயம். அப்பா செருப்பில் கல் தேடியதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி ஊரின் சேவை பற்றி. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், வேகத்தில் நம்மூரை அடிக்க ஆளில்லை. ஸ்வீடனில் இதே வலியோடு போனால் முதலில் சுகாதார மையம், பிறகு பரிந்துரைக் கடிதம், பிறகு வீட்டுக்கு வரும் தபாலுக்குக் காத்திருப்பு. கும்பகோணத்தில் காலை பத்து மணிக்கு டாக்டரைப் பார்த்தோம், சாயங்காலம் ஸ்கேன் சென்டரில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர், ராத்திரி எட்டுக்கு ரிசல்ட் வாட்ஸப்பில். மறுநாள் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. எந்த ஊர், எந்தப் பெயர் என்பதெல்லாம் வேண்டாம், வாசலில் பிள்ளையாரும் உள்ளே காபி ஷாப்பும் இருக்கிற வகை. அங்கே ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவும் முடிந்துவிட்டது. இடது தொடைத் தமனியில் ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்கு அடைப்பு. டாக்டர் படத்தைத் திரையில் காட்டியபோது, ஆற்றில் மணல் மேடு விழுந்த இடம் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

"நாளைக்குக் காலையில அட்மிட் ஆகிடுங்க. பலூன் போட்டுடலாம். விட்டா, பின்னாடி காலை எடுக்க வேண்டி வரலாம்."

பலூன் என்றால், அடைத்த இடத்துக்குள் சின்னப் பலூனை நுழைத்து ஊதி, குழாயை விரிப்பது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

அடுத்த அறையில் பேக்கேஜ் விளக்குவதற்கென்றே ஒரு பெண். ரொம்பப் பணிவு. இரண்டு விலை சொன்னார், ஒன்று சாதா பலூன், இன்னொன்று மருந்து பூசிய பலூன். நடுவே உள்ள வித்தியாசம் அப்பாவின் இரண்டு மாதப் பென்ஷன். "ஃபாரின்ல எல்லாரும் மருந்து பலூன்தான் சார் போடறாங்க" என்றார். ஃபாரினிலிருந்து வந்தவனிடமே! ஒப்புதல் படிவம் ஆறு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அப்பா கேட்ட ஒரே கேள்வி, "எங்க கையெழுத்து போடணும்?"

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்த மருந்து பலூனைப் பற்றி உலகத்தில் நடந்த பெரிய மருத்துவச் சோதனைகளில் ஒன்று நான் வசிக்கும் ஊரின் பல்கலைக்கழக மருத்துவமனையை மையமாக வைத்துத்தான் நடந்தது. எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடித் தாத்தா அதில் சேர்ந்தவர். தனக்குப் போட்டது எந்தப் பலூன் என்று அவருக்குச் சொல்லவில்லை, தெரியாமல் வைப்பதுதான் சோதனையின் விதி. லிஃப்ட்டில் பார்க்கும்போதெல்லாம் அதை ஒரு லாட்டரிச் சீட்டு மாதிரி பேசுவார். அவரால்தான் நானும் படித்தேன்.

கதை பழையது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே மருத்துவர், காலை எடுக்க விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த 82 வயதுப் பாட்டிக்குத் தொடைத் தமனிக்குள் குழாயை நுழைத்து அடைப்பை விரித்தார். பாட்டி சாகும்வரை சொந்தக் காலில் நடந்தார். பத்து வருஷம் கழித்து சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், சமையலறை மேஜையில் தானே செய்து பார்த்த பலூனைக் கால் தமனிக்குள் ஊதினார். இதயத்துக்குப் பலூன் போனது அதற்கும் மூன்று வருஷம் பிந்தி, 1977இல். ஆக, பலூன் முதலில் காலுக்குத்தான் வந்தது.

விரித்த ரத்தக்குழாய் மறுபடி சுருங்குவதுதான் தொல்லை. பலூன் நசுக்கிய இடத்தைக் காயம் என்று எடுத்துக்கொண்டு உள்சுவர் தழும்பாக வளர்ந்துவிடுகிறது. அதைத் தடுக்க, புற்றுநோய்க்குக் கொடுக்கும் பாக்லிடாக்சலைப் பலூன் மேல் பூசினார்கள். ஊதியிருக்கும் அந்த ஓரிரு நிமிஷத்தில் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். 2008இல் ஜெர்மனியில் 154 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதத்தில் சாதா பலூன் போட்ட குழாய் சராசரியாக 1.7 மில்லிமீட்டர் சுருங்கியது, மருந்து பலூன் போட்டது 0.4 மட்டும். பிறகு 331 பேர் கொண்ட இன்னொரு சோதனையில், ஒரு வருஷம் கழித்துத் திறந்தே இருந்த குழாய் மருந்துப் பக்கம் நூற்றுக்கு 82, சாதாப் பக்கம் 52. பேக்கேஜ் அறையில் எனக்குக் காட்டிய வண்ணப் படமும் இதே மாதிரி பட்டைகள்தான். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் அது பாதிக் கதை. இதே வகை பலூனை முழங்காலுக்குக் கீழே உள்ள சின்னக் குழாய்களில் போட்டுப் பார்த்த ஒரு சோதனையில் பலன் தெரியவில்லை. கால் எடுத்தவர்கள் எண்ணிக்கை மருந்துப் பக்கம் 8.8 சதவீதம், சாதாப் பக்கம் 3.6. தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவு வித்தியாசம்தான், ஆனாலும் 2013இல் கம்பெனியே அந்தப் பலூனைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. 2018 டிசம்பரில் பெரிய குண்டு. 28 சோதனைகளைக் கூட்டிப் பார்த்தவர்கள், மருந்து வைத்த பக்கம் ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள் 14.7 சதவீதம், வைக்காத பக்கம் 8.1 என்று எழுதினார்கள். ஸ்வீடன் சோதனையில் ஆள் சேர்ப்பதை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். மூன்றாம் மாடித் தாத்தா அந்த வருஷக் கிறிஸ்துமஸைப் பயத்தோடு கொண்டாடியதாகச் சொன்னார். பிறகு அந்த ஸ்வீடன் சோதனையில் அதுவரை சேர்ந்திருந்த 2,289 பேரின் கணக்கை இடையில் எடுத்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் இறப்பு ஏறக்குறைய சமம், மருந்துப் பக்கம் 25.5 சதவீதம், சாதாப் பக்கம் 24.6. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், கையில் உள்ள தரவு அந்த அச்சத்துக்கு ஆதரவாக இல்லை என்று சொன்னது.

ஸ்வீடன்காரர்களின் இறுதி முடிவு 2025 ஆகஸ்டில் வந்தது. எனக்குப் பிடித்தது அவர்கள் கேட்ட கேள்வி. குழாய் திறந்திருக்கிறதா என்று கேட்கவில்லை. கால் புண், கால் போகும் அபாயத்தில் வந்தவர்களிடம் கால் மிஞ்சியதா என்று பார்த்தார்கள். அப்பா மாதிரி நடைவலியோடு மட்டும் வந்தவர்களிடம், ஒரு வருஷம் கழித்து உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டுக்குமே மருந்து பூசியதும் பூசாததும் ஒன்றுபோலத்தான் பதில் சொன்னது. நடைவலிப் பிரிவில் முதல் ஐந்து வருஷக் கணக்கில் இறப்பு மருந்துப் பக்கம் கொஞ்சம் கூடியும் தெரிந்தது. மொத்தக் காலத்தையும் சேர்த்தால் அந்த வித்தியாசம் இல்லை. ஆக, படத்தில் குழாய் அழகாகத் திறந்திருக்கலாம், அதற்குரிய ஆள் ஐந்தாவது மண்டபத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம்.

இதையெல்லாம் அந்த டாக்டரிடம் ஒப்பிக்கவில்லை. கூகுளில் படித்துவிட்டு வந்து டாக்டருக்குப் பாடம் எடுக்கும் ஃபாரின் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன், பார்க்க நன்றாக இருக்காது. ஒன்றே ஒன்று கேட்டேன். "சார், அப்பாவுக்குப் புண் இல்ல, ராத்திரியில படுக்கும்போது வலி இல்ல. நடக்கும்போது மட்டும்தான். இப்பவே போட்டாகணுமா?" அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க இஷ்டம். ஆனா நான் சொல்லிட்டேன்." கோபமில்லை, நேரமில்லை. வெளியே நாற்பது பேர்.

படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டோம். காரில் அப்பா "பணத்துக்காகவாடா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

தஞ்சாவூரில் ரத்தக்குழாய்களுக்கென்றே உள்ள அறுவை மருத்துவர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். சின்ன கிளினிக், பிளாஸ்டிக் நாற்காலி, டோக்கன் 31. அவர் செய்த முதல் காரியம் அப்பாவின் இரண்டு செருப்பையும் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தது. அதுவரை நாங்கள் பார்த்த இரண்டு இடத்திலும் காலைத் தொட்டவர் யாரும் இல்லை, படத்தைத்தான் பார்த்தார்கள். பிறகு பி.பி. பட்டையைக் கணுக்காலில் கட்டி, கையில் உள்ள அழுத்தத்தோடு வகுத்துப் பார்த்தார். 0.9க்குக் கீழே இருந்தால் குறைவு, அப்பாவின் இடது காலில் 0.62. சர்க்கரைக்காரர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து இந்த எண் பொய் சொல்லும் என்பதால் கட்டைவிரலிலும் தனியாக அளந்தார். சி.டி.யை விடப் பழைய வித்தை, பத்து நிமிஷம்.

"நடைவலி மட்டும் இருக்கறவங்கள்ல அஞ்சு வருஷத்துல காலை இழக்கறது பொதுவா நூத்துக்கு ஒண்ணுலேர்ந்து மூணு பேர். சர்க்கரை இருந்தா கூடும், புகையிலை இருந்தா இன்னும் கூடும். கால்ல அடைச்சா இதயத்துலயும் மூளையிலயும் அடைக்கலாம், நான் பயப்படறது அதுக்குத்தான்" என்றார். கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, நடைதூரத்தைக் கூட்ட சிலோஸ்டசால். அதைக் கொடுப்பதற்கு முன் இதயம் பலவீனமா என்று எக்கோ எடுத்துப் பார்த்தார், அப்படி இருந்தால் அந்த மாத்திரை ஆகாதாம். பிறகு அப்பாவிடம் திரும்பி, "ஐயா, வலி வர்ற வரைக்கும் நடங்க. வந்ததும் நில்லுங்க. விட்டதும் மறுபடி நடங்க. அரை மணி, வாரத்துல மூணு நாளாவது. மூணு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் முடியலேன்னா பலூன் போடுவோம், நானே போடறேன்" என்றார்.

"வலியோட நடந்தா கெட்டுடாதா?" என்றார் அப்பா.

"வலியோட நடந்தாத்தான் சுத்தி இருக்கற சின்னக் குழாயெல்லாம் வேலை கத்துக்கும்."

என் ஊரிலேயே நடந்த இன்னொரு சோதனை ஞாபகம் வந்தது. 158 நடைவலிக்காரர்களில் பாதிப் பேருக்கு மருந்தும் நடையும் மட்டும், மீதிப் பேருக்கு அவற்றோடு குழாய் திறப்பும். முதல் இரண்டு வருஷம் திறந்தவர்கள் முன்னே நின்றார்கள். ஐந்தாவது வருஷத்தில் இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில். பலூன் பயனில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பெரியப்பா மாதிரி விரல் கறுத்து வந்தவருக்கு மூன்று மாசம் நடந்து பார் என்று சொன்னால் அது கொலை. அங்கே ஒவ்வொரு நாளும் கணக்கு. ஒரே பலூன்தான், யாருக்கு எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பிரித்துச் சொல்ல தஞ்சாவூர் டாக்டருக்குச் செலவானது இருபது நிமிஷம்.

மருந்து பலூனைப் பற்றியும் கேட்டேன். இப்போது பாக்லிடாக்சலுக்குப் பதில் சிரோலிமஸ் என்ற வேறு மருந்து பூசிய பலூன் வந்திருக்கிறது, அதில் ஒன்று நம் சூரத்துக் கம்பெனியுடையது, சிங்கப்பூரிலும் ஜெர்மனியிலும் சோதித்திருக்கிறார்கள் என்றார். ஜெர்மன் சோதனையில் அது பழைய மருந்துக்குச் சளைத்ததில்லை என்று வந்திருக்கிறது. "பழைய மருந்தோட ஒப்பிட்டாங்க சார், சாதா பலூனோட இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். ஃபீஸ் வாங்கும்போது சில்லறை இல்லை, ஜிபே போட்டோம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போனோம். சர்க்கரைக்காரர்களுக்குப் 'பாதம் பாதுகாப்போம்' என்று அரசுத் திட்டம் ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, அத்தைதான் சொன்னார். செவிலியர் ஒருவர் நைலான் நூலால் அப்பாவின் உள்ளங்காலில் குத்தி, "தெரியுதாப்பா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் அப்பாவுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கு அதுவும் தெரியாது. கால் பைசா கட்டணம் இல்லை. வெறுங்காலோடு கோயில் பிராகாரத்தில் நடக்கக்கூடாது என்று செவிலியர் சொன்னதுதான் வீட்டில் பெரிய சண்டையானது. கும்பகோணத்துக்காரரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது! கடைசியில், வெயில் ஏறும் முன் போவது, தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்வது, வந்ததும் அம்மா பாதத்தைப் பார்ப்பது என்று சமாதானமானது. புகையிலை இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

கோத்தன்பர்க் திரும்பி ஒன்பது வாரம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், இங்கே இருட்டாக இருக்கும்போதே போன் வரும். நேற்று வந்தது.

"பதினொண்ணு."

"நிக்காமலா?"

"நிக்காமத்தான். பதினொண்ணாவதுல நின்னேன், அங்க நிஜமாவே பால்காரர் வந்தார். 2028ல அடுத்த மகாமகம்டா. டிக்கெட் இப்பவே போட்டு வை."