கருங்காட்டுக்கு ஏறும் இரு ரயில் பாதைகள்: வளைந்து ஒன்று, செங்குத்தாக ஒன்று

தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டு மலையில் ஏறும் இரண்டு பாதைகளிலும் பொறியாளர் ராபர்ட் கெர்விக்கின் கைவண்ணம் உண்டு.

1873-இல் முழுமையடைந்த ஷ்வார்ஸ்வால்ட் பாதை ஆஃபன்பர்க்–சிங்கன் இடையே சுமார் 150 கி.மீ. ஓடுகிறது. ஹோர்ன்பர்க்கிலிருந்து சோமராவ் உச்சிக்கு நேர்த்தூரம் 11 கி.மீ.தான். ஏற்றம் 448 மீட்டர். கெர்விக் பாதையைப் பெரிய வளையங்களாகச் சுற்றவிட்டு 26 கி.மீ. ஆக்கினார், அதனால் சரிவு ஆயிரத்துக்கு 20-ஐ (ஆயிரம் மீட்டர் தூரத்துக்கு 20 மீட்டர் ஏற்றம்) தாண்டவில்லை. இரட்டைப் பாதை என்பதால் நீண்ட தூர ரயில்களுக்கும் இதுவே தோது.

ஃபிரைபர்க்கிலிருந்து நாய்ஸ்டாட் வரை 1887-இல் திறந்த ஹோலன்டால் பாதைக்குக் குறுகிய பள்ளத்தாக்கில் வளைய இடமில்லை. சரிவு ஆயிரத்துக்கு 50-க்கும் மேல். சாதாரண நீராவி எஞ்சினின் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் நடுவே, எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும் பல்தண்டவாளம் போட்டார்கள். ஏற்றத்தில் வேகம் ஊர்தல்தான். 1933-இல் வலிமையான 85 வகை நீராவி எஞ்சின்கள் வந்தபின்பே பல்தண்டவாளம் கழன்றது.

ஆனாலும் தொழில்நுட்ப வரலாற்றில் ஹோலன்டாலுக்கே என் ஓட்டு. 1936-இல் இங்கே 20 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ரயில் ஓட்டிச் சோதித்தார்கள். போருக்குப் பின் பிரெஞ்சுப் பொறியாளர்கள் அதை ஆராய்ந்து வளர்த்த 25 கிலோவோல்ட் முறையில்தான் இன்று இந்திய ரயில்களும் ஓடுகின்றன.

பொறியியலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஷ்வார்ஸ்வால்ட் பாதையில் உள்ள ட்ரீபர்க்கில் இறங்குங்கள். மேலும் கீழுமாக ஒரே பாதை வெவ்வேறு மட்டங்களில் தெரியும்.