தொட்டியா, கரையா?
ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் பிள்ளைகளுக்குக் கடல் முகாம் போட்டால், காலை நேரத்தை எதற்குக் கொடுப்பது? கடல்நீர் மீன்தொட்டி வேலைக்கா, தண்ணீர் வற்றும்போது கரையோர நடைக்கா?

கரை நடை உடனே பிடித்துப்போகும். பாறைக் குழியில் ஒரு நண்டு ஓடினால் போதும், ஒரே கூச்சல்தான். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, நினைத்தபடி இறங்க முடியாது. தரையில் ஊரும் மெத்தென்ற உயிரியான கடல் அட்டையைக் கண்டால் பார்க்கலாம், எடுக்கக் கூடாது. 2001 முதல் அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. காற்றடித்துத் தண்ணீர் கலங்கினால் அன்றைய பாடம் அவ்வளவுதான்.

தொட்டி வேலை முதல் நாள் சலிப்பு. கண்ணாடி துடைப்பதும் இரை நறுக்குவதும்தானே! மூன்றாம் நாள் நீர்மட்டம் ஒரு விரல் இறங்கியிருக்கும். ஒரு பையன் கடல்நீர் வாளியைத் தூக்குவான். கொஞ்சம் பொறு தம்பி! ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. ஊற்ற வேண்டியது குளோரின் இல்லாத நன்னீர். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் அவனுக்கே விளங்கிவிடும். அப்புறம், மிஞ்சிய இரை அழுகி, மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறுவதையும் சோதனைக் குப்பியின் நிறத்திலேயே பார்ப்பார்கள்.

ஒரே நாள் முகாம் என்றால் கரைக்கே போங்கள். ஐந்து நாள் கிடைத்தால் என் ஓட்டு தொட்டிக்கு.