தூரத்தில் இருப்பது பிசியோ மட்டும்தான்

அப்பா நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். டிமென்ஷியாவின் ஆரம்பம் என்று டாக்டர் சொல்லி ஒன்பது மாதம் ஆகிறது. ஞாபகத்தையும் யோசிக்கும் திறனையும் பார்க்கிற மோகா சோதனையில் 30-க்கு 19 வந்தது. உடம்புக்கும் மூளைக்கும் சேர்த்து வேலை கொடுங்கள் என்றார். அதற்காகத்தான் வீட்டிலேயே விளையாடிக்கொண்டே உடற்பயிற்சி செய்கிற இந்தத் தொகுப்பை வாங்கினேன். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பெட்டிக்குள் அம்புக்குறி போட்ட ஒரு மிதிபாய், டிவியில் செருக ஒரு கருவி, ஒரு கேமரா. வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபிஸ்ட் வீடியோவில் வந்து அரை மணி நேரம் கூட இருப்பார். மற்ற நாட்களில் நாம்தான். எத்தனை அடி தவறியது, காலை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கெல்லாம் அவருக்குப் போய்விடும்.

முதல் வாரம் மதிப்பெண் பரிதாபம். பாய் கெட்டுப்போனது என்றே நினைத்தேன். பிசியோதான் கேமராவில் கண்டுபிடித்தார்: அப்பா பாதத்தை முழுதாக வைக்காமல், மிஷின் பெடலை அழுத்துவது போல நுனிக்காலால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். பாய்க்கு அது எட்டவில்லை. "பெடல் இல்லப்பா, படிக்கட்டு" என்று அவர் சொன்னதும் கால் புரிந்துகொண்டது. மறுநாள் முந்தைய நாள் விளையாடியதே அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. கால் மட்டும் மறக்கவில்லை.

ஆட்டங்களில் உருப்படியானது பச்சை-சிவப்பு. பச்சை வந்தால் மிதிக்க வேண்டும், சிவப்பு வந்தால் காலைத் தூக்கவே கூடாது. கேட்க சுலபம். ஆனால் எழுந்த காலை நிறுத்துவதுதான் அவருக்குப் பெரும்பாடு. அடுத்த கட்டத்தில் மிதித்துக்கொண்டே எண்ணைப் பின்னோக்கிச் சொல்ல வேண்டும். இது எதற்கு என்று கேட்டேன். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பிற்பாடு அதிகம் விழுகிறார்கள் என்று 1997-லேயே ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியது என்றார் பிசியோ. எனக்குச் சுருக்கென்றது. அப்பா ஒரு வருடமாகவே அப்படித்தான். ஏதாவது கேட்டால் நின்று, பதில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அடுத்த அடி. மரியாதைக்கு நிற்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்!

இப்போது சின்னப் பதில்களை நடந்துகொண்டே சொல்கிறார். பெரிய கேள்வி என்றால் இன்னும் நிற்கத்தான் செய்கிறார். மோகா மறுபடி எடுத்தோம், அதே 19. விளம்பரத்தில் 'ஞாபகசக்தி திரும்பும்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். இந்த மாதிரி பேச்சுக்காக ஒரு மூளைப்பயிற்சி நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. 65 தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மூன்று நாளைச் சண்டை போடாமல் நடத்திவிடுகிறது என்பதுதான் இதன் பெருமை. எனக்கு அதுவே போதும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். தப்பாக மிதித்தால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். இரண்டாவது வாரம் ஒரு நாள் வரிசையாக ஏழெட்டு டொய்ங் கேட்டதும் அப்பா பாயை விட்டு இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார். அதை மட்டும் அணைக்க வழியில்லை. டிவி சத்தத்தையே குறைத்துவிட்டு, நான் பக்கத்தில் நின்று அம்பைச் சொல்கிறேன். பாய் வழுக்குகிறது, நான்கு ஓரமும் இருபக்க டேப் ஒட்டினேன். ஆடுபவருக்குப் பின்னால், கைப்பிடி வைத்த, சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரே கண்ணாடியில் தூரமும் கிட்டமும் பார்ப்பவர்களுக்குக் குனிந்து பார்த்தால் தரை மங்கும். பிசியோ சொல்லித்தான் தூரப்பார்வைக்குத் தனிக் கண்ணாடி வாங்கினோம். கையேட்டில் இவை எதுவும் இல்லை. 'தொலைநிலைப் பயிற்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தூரத்தில் இருப்பது பிசியோ மட்டும்தான். வீட்டில் ஒரு ஆள் கை எட்டும் தூரத்தில் நிற்காமல் இதைத் தொடவே கூடாது. வேலைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் வாங்க வேண்டாம்.

எரிச்சலின் உச்சம் ஓடிபி. ஒவ்வொரு தடவை உள்ளே நுழையவும் ஆறு இலக்க எண் பயனாளியின் போனுக்குத்தான் வரும், முப்பது நொடிக்குள் அடிக்க வேண்டும். மறதிக்காரருக்கான பொருளில்! மூன்று தடவை எழுதிக் கேட்டேன். முதியவர்களின் பாதுகாப்புக்காகத்தான் என்று மூன்று தடவையும் ஒரே பதில். சந்தாவை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறேன். அப்பாவின் போன் இப்போது என் கைப்பையில் இருக்கிறது.