நிக்கான் அக்குலான் ஏ211 10×50: வால்நட்சத்திரத்துக்குச் சரி, புயல் கரைக்கு வேண்டாம்

வால்நட்சத்திரமும் பார்க்க வேண்டும், பறவையும் பார்க்க வேண்டும், ஒரே பைனாகுலரில் முடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது 10×50, அதாவது 10 மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன்வில்லை கொண்டது. அந்த அளவில் பரவலாக விற்பனையாகும் மாடல் நிக்கான் அக்குலான் ஏ211. வடுவூர் ஏரிக்கரை, கோடியக்கரை உப்பளப் பகுதி, தரங்கம்பாடி கடற்கரை ஆகிய மூன்று இடங்களுக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்று பார்த்து எழுதியது இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வானத்துக்கு மிக நல்லது. ஏரிக்கு நல்லது. புயல் காலக் கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

எடை 900 கிராம். பார்வைப் பரப்பு 6.5 பாகை, அதாவது பதின்மூன்று முழுநிலவுகளை வரிசையாக அடுக்கும் அகலம். 50-ஐ 10-ஆல் வகுத்தால் 5. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5 மில்லிமீட்டர் என்று பொருள். நடுவயதைத் தாண்டியவர்களின் கண்மணி இருட்டில் ஏறக்குறைய அவ்வளவுதான் விரியும். அதனால் 7×50 வாங்கினால் அது தரும் 7 மில்லிமீட்டர் ஒளியில் ஒரு பகுதி அவர்களுக்கு வீண். 15×70 இன்னும் மங்கலானதைக் காட்டும். ஆனால் பார்வைப் பரப்பு 4.4 பாகையாகச் சுருங்கும், ஸ்டாண்டு இல்லாமல் பிடிக்கவும் முடியாது. வால் நீண்டு கிடக்கும்போது அகலம்தான் முக்கியம்.

சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் 27-இல் சூரியனுக்கு மிக அருகிலும் அக்டோபர் 12-இல் பூமிக்கு மிக அருகிலும், ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டர் தொலைவில், அது கடந்தது. செப்டம்பர் கடைசியில் விடியலுக்கு முன் கிழக்கே தெரிந்தது. அதற்குத் தரங்கம்பாடி, பூம்புகார் கடற்கரைகளைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் அடிவானம் வரை தண்ணீர்தான். அக்டோபர் நடுவில் அந்திக்கு மாறியதும் அதே கடற்கரை பயன்படாமல் போனது, மேற்கே தென்னந்தோப்பும் ஊர் விளக்கும் மறைத்துவிடும். அந்தி வால்நட்சத்திரத்துக்கு உள்ளே வர வேண்டும். மேற்கில் வயல்வெளி திறந்து கிடக்கும் ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ போதும். குறுவை அறுப்பு நடக்கும் நாட்களில் அறுவடை இயந்திரம் கிளப்பிய தூசி அடிவானத்தில் ஒரு முழம் உயரத்துக்குத் தொங்கும். அறுப்பு நடக்கும் பக்கத்துக்கு மேற்கே போய் நில்லுங்கள்.

நம் அட்சரேகையில், 10, 11 பாகைகளில், சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீளாது. மறைந்து 40-ஆவது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரைதான் நல்ல பொழுது. சூரியன் முழுவதும் மறைவதற்கு முன் அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. ஒரு கணம் சூரியன் உள்ளே வந்தாலும் கண் போய்விடும்.

தேடும் முறை இப்படி. முதலில் வெள்ளி போன்ற பிரகாசமான ஒன்றில் கூர்மை வையுங்கள். இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பிப் புள்ளியாக்க வேண்டும். பிறகு வலது கண்ணால் மட்டும் பார்த்து, வலது கண்வில்லையில் உள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். அதன் பிறகு எதையும் தொடாதீர்கள். 2024 அக்டோபர் 14-ஐ ஒட்டி வால்நட்சத்திரம் வெள்ளிக்கும் சுவாதிக்கும் இடையில் நின்றது. வெள்ளியிலிருந்து தொடங்கி மெதுவாக நகர்த்தியவர்களுக்கு உடனே கிடைத்தது. முதலில் தெரிவது பஞ்சுத் திரிபோல ஒரு கலங்கல்தான். நேராக உற்றுப் பார்க்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தால் வால் நீண்டு தெரியும். ஓரப் பார்வைக்கு மங்கிய ஒளி அதிகம் எட்டும். வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீளும், எனவே அந்தியில் மேல்நோக்கித் தேடுங்கள்.

900 கிராம் பத்து நிமிடத்தில் கையை நடுங்க வைக்கும். கண்வில்லைப் பக்கம் பிடிக்காமல் முன்வில்லைக் குழல்களின் நுனியருகே பிடித்தால் ஆட்டம் குறையும். முன்பக்க நடு அச்சின் மூடியைக் கழற்றினால் உள்ளே மரை இருக்கிறது. எல் வடிவ இணைப்பானை முடுக்கினால் எந்தக் கேமரா ஸ்டாண்டிலும் நிற்கும். ஸ்டாண்டு இல்லையா, மூங்கில் கழி ஒன்றைக் கண் உயரத்துக்கு வெட்டி, உச்சியில் துணி சுற்றி அதன் மேல் தாங்கிப் பிடியுங்கள். டெல்டாவில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை.

குறைகளில் முதலாவது, கண்ணாடி போடுபவர்களுக்கு. கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே இதில் கிடைக்கும் தூரம் 11.8 மில்லிமீட்டர். மூக்குக்கண்ணாடியோடு பார்க்க 15-க்கு மேல் வேண்டும், இல்லையென்றால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தில் சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு அது உதவாது. இரண்டாவது, 7 மீட்டருக்கு உள்ளே இருப்பது தெளியாது. வடுவூர் கரையில் உடையமரக் கிளையில் உட்காரும் தட்டானைப் பார்க்க ஆசைப்பட்டால் பின்னால் நடக்க வேண்டும்.

மூன்றாவது குறைதான் டெல்டாவில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இது நீர் புகாதபடி அடைக்கப்பட்ட பைனாகுலர் அல்ல. சக்கரத்தைத் திருப்பும்போது கண்வில்லைகளைச் சுமக்கும் பாலம் முன்னும் பின்னும் நகர்கிறது. பின்னால் நகரும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் காற்றில் ஈரம், கடற்கரையில் உப்பும் சேர்ந்து வரும். உள்ளே போன ஈரம் சில வாரங்களில் பட்டகத்தின் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி, ப்ரிசம்) மேல் சிலந்தி வலைபோலப் பூஞ்சையாகப் படரும். பூஞ்சை கண்ணாடிப் பூச்சையே அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது.

இதனால்தான் புயல் பறவைகளுக்கு இது வேண்டாம் என்பது. 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா போன்ற ஒரு புயலுக்குப் பிறகு, நடுக்கடலிலேயே வாழும் பறவைகள் கரைக்கும் உள்நாட்டு ஏரிகளுக்கும் தள்ளப்பட்டு வரலாம். புயலின்போது யாரும் கரைக்குப் போகக் கூடாது. எச்சரிக்கை விலக்கப்பட்ட பிறகு, கொண்டல் இன்னும் வீசும்போது பார்ப்பதே சரி. அப்போதும் சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு நைட்ரஜன் நிரப்பி முழுக்க அடைத்த 8×42 வேண்டும். 8 மடங்கு காற்றில் குறைவாக ஆடும், பரப்பும் பொதுவாக அகலம். கரையேற்றிய ஃபைபர் படகின் மறைவில் உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, அடிவானம் காட்சியின் கீழ்ப்பாதியில் விழும்படி வைத்து அசையாமல் இருங்கள். பறவையைத் துரத்தாதீர்கள், அதுவே காட்சிக்குள் நுழையும்.

பார்க்க வேண்டிய அடையாளம் ஒன்று. மேலே கறுத்து அடியில் வெளுத்த ஆலா (டெர்ன் என்னும் கடற்பறவை) கடந்தால் நெற்றியைப் பாருங்கள். சூட்டி ஆலாவுக்கு முதுகு முழுக்கக் கறுப்பு, நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டு ஆலாவுக்கு முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வெள்ளை ஒல்லிய புருவமாகக் கண்ணைத் தாண்டிப் பின்னே நீளும். கரும்பழுப்பு உடலில் முதுகெங்கும் வெண்புள்ளி தெளித்திருந்தால் அது இளம் சூட்டி ஆலா. களைத்து மணலில் கிடக்கும் பறவையைக் கண்டால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தலைக்கு மேல் தூக்கி எறிந்து பறக்கவிடவும் முயலாதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். பைனாகுலரைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கினால் கண்வில்லைகளில் தெரியும் இரண்டு ஒளிவட்டங்களும் முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் ஒளி போகிறது. பிறகு தொலைவில் ஒரு மாடியின் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னுக்கு இழுங்கள். இடது, வலது காட்சிகளில் கோடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் பட்டகம் நகர்ந்திருக்கிறது. தலைவலியும் இரட்டை நட்சத்திரமும் அதில்தான் வரும், அதை வாங்காதீர்கள். சிவப்பாக மின்னும் வில்லை, 60×60 என்ற அச்சு, ஜூம் வசதி ஆகிய மூன்றும் எந்தப் பெயரில் வந்தாலும் ஒதுக்குங்கள்.

வைத்துக்கொள்ளும் முறை எளிது. பூட்டுமூடி போட்ட காற்றுப் புகாத 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதில் 200 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நீலம் இளஞ்சிவப்பானால் அல்லது ஆரஞ்சு பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வரும். சமையல் பாத்திரத்தோடு சேர்க்காதீர்கள். அரிசியில் புதைத்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அரிசியிலேயே 12 முதல் 14 விழுக்காடு ஈரம் உண்டு, தவிடும் மாவும் மரைகளில் புகும். தோல் பையிலும் வைக்க வேண்டாம், பூஞ்சை அதில்தான் முதலில் குடியேறும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கினால் உறையைத் திறக்காமல் இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். மார்கழிப் பனிக்கு, கறுப்புச் சார்ட் அட்டையை 10 சென்டிமீட்டர் குழலாகச் சுருட்டி இரண்டு முன்வில்லைகளிலும் செருகினால் பனி படிவது வெகுநேரம் தள்ளிப்போகும்.

கடற்கரைக்குக் கொண்டுபோய்விட்டால், வீடு திரும்பியதும் முதலில் ரப்பர் பந்தால் ஊதுங்கள். காய்ந்த உப்புத் துகளோடு துண்டு முனையால் தேய்த்தால் பூச்சு கீறிவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த லென்ஸ் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சுற்றாகத் துடையுங்கள். குழலின் உடம்பையும் அதே போல் ஈரத்துணியால் ஒற்றுங்கள். குழாயடியில் மட்டும் காட்ட வேண்டாம்.